வாய் உடையாத பாட்டில்கள்

“உடைக்கிறதுக்குன்னு போட்டு வச்சிருக்கீங்களே சார், அந்த பாட்டில்ல ரெண்டு டஜன் எங்களுக்குக் குடுங்க.”

கேட்டே விட்டாள். இந்தக் காபித்தூள் கம்பெனியின் வாசலில் நின்று ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். அதிலும் பாட்டில் என்ற பேச்சை அப்பாவின் எதிரில் எடுக்கவே கூடாது. காலையில்கூட அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, “எங்க வேணா போய் அலை, அங்க மட்டும் போயிடாதே” என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவள் நேராக அங்கேதான் வந்தாள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குக் கம்பெனியில் ‘பாக்கலாம் சார்’ என்று பெயர். லீவு கேட்டாலும் பாக்கலாம், கூலியை ஏற்றிக் கேட்டாலும் பாக்கலாம், பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டாலும் பாக்கலாம். அந்தத் தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“நீ யாரும்மா?”

“உடைப்புக் கொட்டகையில இருக்காரே, அவர் பொண்ணு.”

“அவர் கேக்கச் சொன்னாரா?”

“கேக்கக் கூடாதுன்னு சொன்னாரு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார். பி.காம் என்றாள். பி.காம் படித்துவிட்டு எதற்கு ஜாம் கிண்ட வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் ஊரில் பாக்கி இல்லை. பால்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

“நீங்க ஒரு வேலை போட்டுக் குடுங்க சார், ஜாமை இன்னைக்கே நிறுத்திடறேன்.”

“பாக்கலாம்.”

“எதை சார்? வேலையையா, பாட்டிலையா?”

அவர் அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். அவளும் திரும்பிப் பார்த்தாள். எதிரே தகரக் கூரை போட்ட கொட்டகை. அதற்குள் கால்வரை தொங்கும் தோல் மறைப்பைக் கட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அவளைப் பார்த்துவிட்டார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் கை நிற்கவில்லை. இடது கை ஒரு பாட்டிலை எடுத்தது, வலது கையிலிருந்த குட்டைக் கம்பி அதன் வாயில் ஒரு தட்டுத் தட்டியது, பாட்டில் பீப்பாய்க்குள் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

அப்பாவின் உத்தியோகம் அதுதான். காபித்தூள் அடைக்க வெளியிலிருந்து லாரி லாரியாகக் கண்ணாடி பாட்டில் வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அடியில் அச்சடித்த கம்பெனி முத்திரை கொஞ்சம் மங்கலாக இருந்தால் கழிவு. தோள் ஒரு நூல் சாய்ந்திருந்தால் கழிவு. உள்ளே கடுகளவு காற்றுக் குமிழி இருந்தால் கழிவு. ஒழுகாது, விரிசல் விடாது; பயன்படாது என்று சொல்ல ஒரு காரணமும் இருக்காது. ஆனாலும் முழுசாக வெளியே போகக் கூடாது. போனால் எவனாவது புளியங்கொட்டைத் தூளை அடைத்து, கம்பெனி பெயரில் விற்றுவிடுவான். அதனால் உடைக்க வேண்டும். அதிலும் வாயை முதலில் உடைக்க வேண்டும். பீப்பாய் நிரம்பி, எடை போட்டு, கண்ணாடி வியாபாரி வண்டி வரும்வரை அது அங்கேயே கிடக்கும். யாராவது கையை விட்டு ஒன்றை உருவிக்கொண்டு போனால்? வாய் போன பாட்டிலை எந்த மூடி கொண்டு மூடுவான்?

கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த வேலை. அன்றிலிருந்து முழுசாக ஒரு பாட்டில் அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. ஊரெல்லாம் மனிதர்கள் எதையெதையோ செய்து காட்டிப் பெருமைப்படுவார்கள். அப்பாவுக்கு இதுதான் பெருமை.

“பாக்கலாம்மா, போயிட்டு வா” என்றார் மேனேஜர்.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. கொட்டகையைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். அப்பா நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. கேட்டுவரை கண்ணாடி உடையும் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.

*

தெரிந்துதான் கேட்டாள். வேறு வழி இருந்து கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பழமண்டியில் தரம் பிரிக்கிற வேலை. கொய்யா சீசனில் மண்டி திணறிப்போகும். நன்றாகப் பழுத்து, இன்னும் ஒரு நாள் விட்டால் ஈ மொய்க்கும் என்கிற பழத்தையெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அம்மா அதைக் கூடை கூடையாகக் கொண்டு வருவாள். நறுக்கி, வேகவைத்து, சல்லடையில் தேய்த்து விதையை ஒதுக்கி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கிண்டுவாள். அந்தக் கிண்டலில்தான் அவள் கை தனித்துத் தெரியும். ஜாம் அடுப்பில் கொதிக்கும்போது குண்டு குண்டாக வெடித்துத் தெறிக்கும். அம்மாவின் முழங்கைவரை பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு. பதம் பார்க்க ஈரத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தள்ளுவாள். சொட்டின் மேல்தோல் சுருங்கினால் இறக்கிவிடலாம். நிறம் செங்கல்லுக்கும் ரோஜாவுக்கும் நடுவே ஒன்று. அதற்குப் பெயர் கிடையாது.

சந்தின் முனையில் இருக்கும் கேக்குக்கடை அக்கா அதை ஒரு நாள் ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, விரலையும் நக்கினாள். பிறகு, “என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில ஒரு தட்டு முழுக்க உங்களுக்குத் தர்றேன்” என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாம் ஒரே பாட்டிலாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இவர்கள் கொண்டுபோய்க் காட்டியது ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று தேன் பாட்டில், ஒன்று மருந்து வந்த பாட்டில். “இது என்னடி, பஸ் ஸ்டாண்டுல கூட்டம் நிக்கிற மாதிரி இருக்கு” என்று அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ரெண்டு டஜன் வந்தால் தட்டு உங்களுக்கு. இல்லையென்றால் பிஸ்கட் கம்பெனிக்காரன் அந்தத் தட்டைக் கேட்டு நடையாய் நடக்கிறான், அவனுக்கு.

அன்றிலிருந்து பாட்டில் வேட்டை. மொத்தக் கடைக்காரர் மூட்டையாகத்தான் கொடுப்பேன் என்றார். ஒரு மூட்டையின் விலைக்கு அம்மா மூன்று மாதம் தரம் பிரிக்க வேண்டும். சில்லறைக் கடையில் ஒரு பாட்டிலின் விலை உள்ளே ஊற்றும் ஜாமைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது சும்மா சொன்னதில்லை. பிளாஸ்டிக் டப்பா வாங்கிப் பார்த்தாள். சுடச்சுட ஊற்றியதும் அது கிழவன் வாய் மாதிரி உள்ளே ஒடுங்கிப்போனது. ஆறவைத்து ஊற்றினால் நாலாம் நாள் பூஞ்சை. பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய பாட்டிலைச் சோடா உப்புப் போட்டு, வேகவைத்து, வெயிலில் காயவைத்து ஊற்றினார்கள். கண்ணாடி சுத்தமாகிவிட்டது. மூடிக்குள் இருந்த ரப்பர் மட்டும் தன் பூர்வ ஜென்மத்தை மறக்கவில்லை. வாங்கிக்கொண்டு போன டீச்சரம்மா மறுநாளே வந்து, “ஜாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா பூண்டு ஊறுகா ஞாபகமாவே இருக்கு” என்று வைத்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் நடக்கும்போது அந்த வீட்டுத் தலைவர் காலையில் எழுந்து குளித்து, சோறு கட்டிக்கொண்டு போய், சாயங்காலம்வரை நல்ல பாட்டிலாக உடைத்துவிட்டு வருவார். வந்து திண்ணையில் உட்கார்ந்து கையில் ஏறிய கண்ணாடிச் சில்லை ஊசியால் எடுப்பார். அதை அவளால் பார்க்க முடியவில்லை. பட்டினி கிடக்கிறவன் எதிரில் சோற்றைக் கொட்டி மிதிப்பதுபோல் இருந்தது. ஒரு தடவை வாயை விட்டுக் கேட்டும் பார்த்தாள். “கம்பெனியில கேட்டா என்னப்பா?” அவர் ஊசியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “வீட்ல பாட்டில் தேவைப்படுதுன்னு தெரிஞ்சா, அவனை யாரும்மா பாட்டில் உடைக்கிற வேலையில வச்சிருப்பா?”

 அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

*

அன்று சாயங்காலம் அப்பா வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நடையில் சொன்னாள், வண்டி கிடைத்திருக்காது என்று அடுத்த நடையில் சொன்னாள். கூடையில் கொய்யா வாசனை கனத்துக்கொண்டே போனது. அந்த வாசனைதான் கடிகாரம். இனிப்பாக இருக்கும்வரை நேரம் உண்டு. புளிக்க ஆரம்பித்தால் போச்சு.

வந்தவர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உட்கார்ந்தார். அவளைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார். உன் பொண்ணு கம்பெனிக்கு வந்திருந்தா என்றார். கொட்டகையில் எல்லாரும் பார்த்தார்கள் என்றார். சாயங்காலம் வாட்ச்மேன் கேட்டில் நிறுத்தித் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தான் என்றார். 

“இத்தனை வருஷத்துல என் பையில ஒருத்தன் கையை விட்டது கிடையாது.”

அவள் கூடத்தில் நின்றபடியே கேட்டாள். “விட்டுப் பாத்தாங்கல்ல, என்ன இருந்துச்சு? காலி டப்பா. அவ்வளவுதானே?”

“உனக்கு எல்லாம் அவ்வளவுதான்.”

“நான் திருடலையேப்பா. மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டேன்.”

“திருடினாக்கூட ஒருத்தனுக்குத்தான் தெரியும். கேட்டா ஊருக்கே தெரியும்.”

அம்மா நடுவில் புகுந்தாள். இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றாள். பெற்றதுதான் பெற்றோம், வாயைக் கொஞ்சம் சின்னதாகப் பெற்றிருக்கலாம் என்றாள். இந்தக் கஷ்டத்திலும் அப்பாவின் உதட்டோரம் ஒரு துளி அசைந்தது. உடனே அதை விழுங்கிவிட்டார். சோறு இறங்கவில்லை அவருக்கு. தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கை கழுவினார்.

மறுநாள் காலையில் கழுத்தறுபடப் போகிறவர்போல் வேலைக்குக் கிளம்பினார். பழம் எதற்கும் காத்திருக்காது என்பதால், பாட்டில் வருமோ வராதோ, அம்மா லீவு போட்டுவிட்டு நறுக்க உட்கார்ந்தாள். அவளும் உட்கார்ந்தாள்.  மூடி மட்டும் அவள் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தாள். மூடி மலிவு. எப்போதோ கடையில் காபியோடு வாங்கிய கம்பெனி பாட்டில் ஒன்று வீட்டில் உண்டு. அதன் வாய் அளவுக்குப் பொருத்திப் பார்த்து வாங்கியவை. “பாட்டில் கிடைக்கிறதுக்கு முன்னாடி மூடி வாங்கினவ உலகத்துல நீ ஒருத்திதான்” என்றாள் அம்மா. குதிரைக்கு முன்னால் லாடம் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டியதும் வாசலில் வாட்ச்மேனின் மகள் வந்து நின்றாள். அவளும் அந்தக் கம்பெனியில்தான் பாட்டில் பார்க்கிறாள், ஷிப்டு முடிந்து போகிற வழி. உங்கப்பா சொல்லச் சொன்னார் என்றாள்: சார் சம்மதிச்சுட்டாராம், அடுப்பை மூட்டச் சொன்னார்.

அம்மா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் வேலை செய்த வேகம் அதுவரை யாரும் பார்க்காதது. ரெண்டு அண்டா அடுப்பில் ஏறின. வீடெல்லாம் ஆவி. ஜன்னல் கண்ணாடி வேர்த்து வழிந்தது. மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். தெறித்த இடத்தை ஊதக்கூட நேரமில்லை. மூடிகள் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்தன. இந்த ஒரு தட்டு கிடைத்தால் போதும் என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தட்டு. அதற்கப்புறம் யார் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாலும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

*

இருட்டுவதற்கு முன்பே அப்பா வந்துவிட்டார். தோளில் சாக்கு. அதை இறக்கிய விதமே வேறு. கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கினார். முகத்தில் நேற்றுப் பார்த்த ஆள் இல்லை.

மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதை வரி விடாமல் சொன்னார். ரெண்டு டஜன், நீயே பார்த்து எடுத்துக்கொள். முத்திரை தெரியாமல் அடியில் காகிதம் ஒட்ட வேண்டும். ஜாமைத் தவிர வேறு எதுவும் அதில் ஏறக் கூடாது. நாளைக் காலையில் ஜாம் ஊற்றிய பாட்டில் ஒன்று என் மேசைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் வெளியே விற்றுவிட்டாய் என்றுதான் அர்த்தம், அப்புறம் கொட்டகைப் பக்கம் வர வேண்டாம்.

“ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேம்மா” என்றார் அவளிடம். நேற்றிலிருந்து அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு. “குமிழி இருக்கிறது வேணாம்னு தள்ளிட்டேன். தோள் சாஞ்சது வேணாம்னு தள்ளிட்டேன். முத்திரை மங்கினது மட்டுமா பாத்து எடுத்தேன். கடையில கூட இப்படிக் கிடைக்காது.”

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் பாட்டிலை எடுத்தாள். விளக்கருகே கொண்டுபோனாள். விரலால் வாயைச் சுற்றித் தடவினாள். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் வைத்தாள். மூன்றாவதை மகள் பிடுங்கிப் பார்த்தாள். வாயில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லுப் போயிருந்தது. புதுச் சில்லு. பளபளவென்று இருந்தது.

சாக்கையே கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே அளவு.

“என்னப்பா இது?”

அப்பா குனிந்து ஒன்றை எடுத்தார். பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“வேணும்னே பண்ணீங்களா?” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “குடுக்க மனசில்லேன்னா சொல்லியிருக்கலாமே. நாங்க அடுப்பை மூட்டியிருக்க மாட்டோமே.”

“ஏய்” என்றாள் அம்மா.

அப்பாவுக்கு அவள் பேசியது கேட்டதாகவே தெரியவில்லை. வெறும் கையை நீட்டி இடது கையால் இல்லாத பாட்டில் ஒன்றை எடுத்தார். விளக்கைப் பார்த்துப் பிடித்தார். திருப்பினார். நல்லது என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு சேர்ந்தே வலது கை எழுந்து, காற்றில் ஒரு தட்டுத் தட்டியது. அது வீச்சு இல்லை, ஓங்கலும் இல்லை. கண்ணிமைக்கிற மாதிரி ஒரு தட்டு. தட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

“பாத்து எடுக்கணும்னுதான்மா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். “மனசெல்லாம் கண்ணுல இருந்துச்சு. கையை நான் பாக்கல. பக்கத்துல எல்லாரும் உடைச்சுக்கிட்டிருந்தாங்களா, சத்தத்துல சத்தமாப் போயிடுச்சு.”

அடுப்பில் ஜாம் குமிழி ஒன்று வெடித்துத் தெறித்தது. யாரும் போய்க் கிண்டவில்லை. அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் அம்மா ஓடினாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டியவர்கள் யார் என்பதே குழம்பிப்போயிருந்தது. பீங்கான் ஜாடி, எவர்சில்வர் தூக்கு, குடிக்கிற செம்பு என்று வீட்டிலிருந்த பாத்திரங்களிலெல்லாம் ஜாமை மாற்றி மூடினார்கள். சில்லுப்போன வாயில் மூடியை வைத்துத் திருகிப் பார்த்தாள். மூடியது. தலைகீழாகக் கவிழ்த்ததும் ஓரமாக ஒரு துளி எட்டிப் பார்த்தது. “அந்தச் சில்லு ஒண்ணு உள்ள விழுந்து எவளாவது குழந்தைக்குக் குடுத்தா யார் பதில் சொல்றது? எடுத்து அந்தப் பக்கம் வை” என்றாள் அம்மா.

பிறகு அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். காலையில் மேசைக்கு ஒரு பாட்டில் போயாக வேண்டும். வீட்டில் கடையில் வாங்கிய நல்ல பாட்டில் ஒன்று இருக்கிறதே, அதில் ஊற்றிக் கொண்டுபோகலாம் என்றாள் அம்மா. அதன் முத்திரை மங்கல் இல்லையே என்றார் அப்பா. அதுதான் அடியில் காகிதம் ஒட்டப்போகிறோமே, கிழித்தா பார்க்கப்போகிறார் என்றாள் அம்மா. அப்பா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய்க்கு ஒத்திகை பார்ப்பது பார்க்கச் சகிக்கவில்லை. “நல்லா இருந்துச்சு சார், ரொம்ப உபகாரம் சார்” என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்.

“வேணாம்பா. நான் இதை அப்படியே கொண்டுபோய்க் காட்டப்போறேன்” என்றாள்.

“காட்டி?”

“ஆனதைச் சொல்லப்போறேன்.”

“சிரிப்பாங்கம்மா” என்றார் அப்பா. மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார். “வேலை போனாக்கூட வேற வேலை பாத்துக்கலாம். சிரிச்சாங்கன்னா அங்கேயே நின்னு நாள் பூரா வேலை பாக்கணும்.”

*

வெள்ளிக்கிழமை காலையில் அவளும் அப்பாவும் சேர்ந்தே போனார்கள். சாக்கை அவள் தூக்கிக்கொண்டாள். வழியெல்லாம் அது அவள் முதுகில் கிணுகிணுத்தது. அம்மா வாசலில் நின்று, மத்தியானத்துக்குள் வந்துவிடு, நான் ஜாமைச் சுடவைத்துக்கொண்டே இருக்கிறேன் என்றாள். பாட்டில் வரும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியதோ. தோன்றியிருக்காது. அடுப்பை அணைக்கப் பயமாக இருந்திருக்கும்.

மேனேஜர் மேசையில் அவள் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வாய் அவரைப் பார்த்திருக்கும்படி வைத்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அப்பா கதவோரம் நின்றார்.

மேனேஜர் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு நாற்காலி பின்னால் சாயும்படி சிரித்தார். கணக்கரைக் கூப்பிட்டார். வாட்ச்மேனைக் கூப்பிட்டார். பாட்டில் பார்க்கிற பெண்களில் ரெண்டு பேர் தாங்களே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“பாருங்கய்யா. இந்த மனுஷன் சொந்தப் பொண்ணுக்கு எடுத்த பாட்டிலையும் வாயைத் தட்டித்தான் குடுத்திருக்காரு. இவரைப் போய் நான் சந்தேகப்பட்டேன் பாரு. இவரு வீட்டுக்குச் சோத்துப் பானை வாங்கினாலும் உடைச்சுட்டுத்தான் உள்ள கொண்டுபோவாரு.”

கணக்கர் சிரித்தார். வாட்ச்மேன் சிரித்தான். அவளுக்கு அதெல்லாம் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது கதவோரத்தில் இருந்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்து, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, எல்லாரும் நிறுத்தும்வரை அவரும் சிரித்தார்.

“இன்னும் ரெண்டு டஜன் எடுத்துக்கச் சொல்லு” என்றார் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இந்தத் தடவை பொண்ணே பொறுக்கிக்கட்டும். என் செலவுல ஒரு இனாம்.”

கொட்டகைக்குப் போனாள். குவியலிலிருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சாக்கில் போட்டாள். பின்னாலேயே வந்த அப்பா, உதவி செய்ய ஒன்றை எடுத்தார்.

“தொடாதீங்கப்பா.”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் பாட்டிலைக் கொதிக்கிற பாத்திரத்தைப்போல் கீழே வைத்துவிட்டு, ரெண்டு கையையும் தோல் மறைப்புக்குள் விட்டுக்கொண்டார். அவள் ரெண்டு டஜன் எண்ணி முடிக்கும்வரை அப்படியே நின்றார்.

சாக்கோடு மறுபடியும் மேனேஜர் அறைக்குப் போனாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கையை ஆட்டி, போ போ என்றார்.

“உடைச்ச கண்ணாடி கிலோ என்ன விலைக்கு சார் போகுது?”

“ஏன்?”

“சொல்லுங்க சார்.”

அவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் சொன்னார். டீக்கடையில் ஒரு டீக்கும் பன்னுக்கும் ஆகிற விலை.

“இதை எடை போட்டு, அந்த விலைக்கு ஒரு பில் போடுங்க.”

மேனேஜரின் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது. அது மெதுவாக இறங்கியது. “சும்மா குடுத்ததை எதுக்கும்மா விலைக்குக் கேக்குறே?”

“எனக்கு அடுத்த மாசமும் வேணும் சார். இனாமா ஒரு தடவைதான் கேக்க முடியும். விலைக்குன்னா எப்பவும் கேக்கலாம். எங்கப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தாமயும் கேக்கலாம்.”

“கம்பெனியில அப்படி ஒரு வழக்கமே கிடையாது. முழு பாட்டிலுக்கு யாரும் பில் போட்டதில்ல.”

“உடைச்சா பில் போடுவீங்கல்ல? உடைச்சதாவே எழுதிக்கங்க. உடைக்கிற கூலி உங்களுக்கு மிச்சம்.”

கணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் அவளை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார். “என்னய்யா, உன் பொண்ணு இப்படிப் பேசுது? நீயே சொல்லு. இனாமா வேணுமா, விலைக்கு வேணுமா?”

அப்பாவின் வாய் திறந்தது. அவர் அவளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். அந்த அறையில் அவர் வாயால் என்ன சொன்னாலும் ஒன்று உடையும். அதை அவர் சொல்லும்வரை நின்றால், அவரைச் சொல்லவைத்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

நிற்கவில்லை. இடுப்பில் முடிந்து வைத்திருந்த ரூபாய் நோட்டை எடுத்து, வாய் போன பாட்டில்களுக்கு நடுவே மேசைமேல் வைத்தாள். சாக்கின் வாயை முறுக்கித் தோளில் ஏற்றினாள். “ஏம்மா, நில்லு, இரு” என்று கணக்கர் குரல் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே அம்மா கிண்டிக்கொண்டிருப்பாள், இறுகினால் கொஞ்சம் வெந்நீர் விட்டு மறுபடி கிண்டுவாள். கேக்குக்கடையில் பிஸ்கட்காரன் வந்தே விட்டிருக்கலாம். கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியைப் பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வது தெரிந்தது. முழு பாட்டில், வெளியே எடுத்துப்போகும் சீட்டும் கையில் இல்லை. நிறுத்துவான். நிறுத்தட்டும். பில் வருகிறவரை சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டிலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவள் படியிறங்கியிருந்தாள்.